ஏழு புள்ளி நான்கு

பொது நீச்சல் குளத்தில் தண்ணீர் பார்க்கிற வேலை எனக்கு, பத்தொன்பது வருடமாக. காலையில் முதல் ஆள் குதிப்பதற்கு முன் காகிதப் பட்டை ஒன்றைத் தண்ணீரில் முக்கி நிறம் பார்க்க வேண்டும். புளிப்பு ஏறியிருந்தால் சோடா உப்பு, காரம் ஏறியிருந்தால் அமிலம். பி.எச். அளவு ஏழு புள்ளி நான்கில் நிற்க வேண்டும். கொஞ்சம் கீழே போனால் கண் எரிகிறது என்பார்கள், மேலே போனால் தோல் அரிக்கிறது என்பார்கள், இரண்டுக்கும் திட்டு வாங்குவது நான். மனிதர்களுக்கும் இப்படி ஒரு பட்டை இருந்தால், பாதிச் சொந்தக்காரர்களை வாசலிலேயே சோதித்துத் திருப்பி அனுப்பியிருப்பேன்.

என் அக்கா தையல்காரி. துணியை அளப்பாள், வேறு எதையும் அளக்க மாட்டாள். அவள் கடை ஜன்னலில் ஒரு கார்டினியாச் செடி இருந்தது. ஆறிப்போன டீ, டீத்தூள், கத்தரித்த நூல், எல்லாம் அந்தத் தொட்டிக்குள்தான் போகும். "செடிக்கு எதுக்குக்கா டீ? குப்பைத் தொட்டியா அது?" என்று போகும்போதெல்லாம் கத்துவேன். அவள் வாயில் ஊசியைக் கவ்விக்கொண்டு தலையை மட்டும் ஆட்டுவாள். செடி ஒரு வெட்கமும் இல்லாமல் வெள்ளை வெள்ளையாகப் பூத்துத் தள்ளும்.

ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோது அதைத்தான் என்னிடம் ஒப்படைத்தாள்.

"எடுத்துட்டுப் போடி. ஆனா திருத்தாதே."

"யாரை?"

"செடியைத்தான். நான் இனிமே உன் கைக்கு அகப்பட மாட்டேன். அடுத்து அதைப் பிடிச்சுக்குவே."

சாகப்போகிறவள் பேசுகிற பேச்சா இது? எனக்குக் கோபம் வந்தது. நான்கு நாளில் போய்விட்டாள். தொட்டி என் வீட்டுப் பால்கனிக்கு வந்தது.

பதினாறாம் நாள் அக்கா மகள் போன் செய்தாள். "சித்தி, கடையைக் காலி பண்ணியாச்சு. அம்மாவோடதுன்னு உயிரோட இருக்கிறது அந்தச் செடி மட்டும்தான். புது வீட்டுக்கு அதுல ஒரு கிளை வேணும். மூணு மாசத்துல வர்றேன்." தலைபோனாலும் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

அப்புறம் என் புத்தி சும்மா இருக்குமா? ஒரு கரண்டி மண்ணைச் சுத்தமான தண்ணீரில் கலக்கித் தெளியவிட்டு, குளத்துப் பட்டையை முக்கினேன். பளிச்சென்று மஞ்சள். குளத்தில் மஞ்சள் வந்தால் விசில் அடித்து எல்லோரையும் கரையேற்றிவிடுவேன். இத்தனை வருடம் அக்கா அந்தச் செடியைப் புளிப்பில் ஊறப்போட்டிருக்கிறாள் என்று எனக்குத் திருப்தி வேறு. அன்றே சோடா உப்பு ஒரு சிட்டிகை கரைத்து ஊற்றினேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் சோதனை, ஞாயிற்றுக்கிழமைதோறும் சிட்டிகை. ஆறாவது வாரம் ஏழு புள்ளி நான்கைத் தொட்டது. காலண்டரில் வட்டம் போட்டு வைத்தேன்.

அதற்குள்ளேயே இலைகள் வெளுக்க ஆரம்பித்திருந்தன. நரம்பு மட்டும் பச்சை, மற்றதெல்லாம் மஞ்சள். மொட்டுகள் விரியாமலே உதிர்ந்தன. முதலில் மாட்டியது என் வீட்டுக்காரர்.

"உங்க சிகரெட் சாம்பல்தான் காரணம்."

"நான் பால்கனிக்கு வெளியிலதானே தட்டுறேன்?"

"காத்து உங்க பேச்சைக் கேக்குமா?"

அவரைப் பால்கனியிலிருந்து நாடு கடத்தினேன். மூன்று வாரம் தெருவில் நின்று புகைத்தார். அடுத்து மாடிவீட்டுக்காரி காயப்போடும் துணியிலிருந்து சொட்டும் தண்ணீர் மேல் சந்தேகம் வந்தது. அவளோடும் பேச்சு நின்றது. செடி தேறவில்லை. அக்கா மகள் வர இருபது நாள்தான் இருந்தது. தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறி நர்சரிக்குப் போனேன்.

நர்சரிக்காரர் மண்ணில் ஒரு கம்பியைக் குத்தினார். கம்பியின் தலையிலிருந்த அளவு முள் நகர்ந்து நின்றது.

"ஏழு நாலு," என்றார்.

"கரெக்டா இருக்கா?" என்றேன். பெருமையாகத்தான் கேட்டேன்.

அவர் என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். "ஏம்மா, இதுல யாராவது நீச்சல் அடிக்கப் போறாங்களா?"

என் வேலை என்னவென்று இந்த ஆளுக்கு யார் சொன்னது என்று திகைத்துப்போனேன். யாரும் சொல்லவில்லை, வாயில் வந்ததைச் சொன்னார்.

"கார்டினியா புளிப்பு மண்ணுச் செடிம்மா. அஞ்சரைக்குப் பக்கத்துல இருந்தா சந்தோஷமா இருக்கும். நீங்க காரத்தை ஏத்திட்டீங்க. மண்ணுல இரும்புச் சத்து இருக்கு, ஆனா வேரால எடுத்துக்க முடியல. சாப்பாட்டை முன்னால வெச்சு வாயைத் தைச்ச மாதிரி."

"அப்ப ஏழு நாலு தப்பா?"

"அதோ அந்த லாவெண்டர் செடியைக் கேளுங்க, ரொம்பச் சரின்னு சொல்லும். ஒவ்வொண்ணுக்கு ஒரு மண்ணு. எல்லாத்துக்கும் ஒரே நம்பர்னா நான் எதுக்குக் கடை வெச்சிருக்கேன்?"

பழைய மண்ணை உதறி, வேரைக் கழுவி, மரப்பட்டைத் தூளும் மக்கிய இலையும் கலந்த புளிப்பு மண்ணில் நட்டார். இலைக்கு இரும்புக் கரைசல் தெளித்தார். பிழைக்குமா என்று கேட்டேன். "தெரியாதும்மா. நீங்க மட்டும் ஒண்ணும் பண்ணாம இருங்க," என்றார்.

திரும்பும் பஸ்ஸில் அழுதேன். அக்கா போன அன்றுகூட நான் அழவில்லை. அன்று டாக்டரைத் திட்டிக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரரிடம் காரணம் எதுவும் சொல்லாமல், பால்கனிக்குத் திரும்பலாம் என்று மட்டும் சொன்னேன். மாடிவீட்டுக்காரியிடம் இன்னும் போகவில்லை.

அக்கா மகள் வந்த அன்று செடியில் ஐந்து மஞ்சள் இலை, நுனியில் அரை விரல் நீளத்துக்கு ஒரு பச்சைத் துளிர். வெட்டிக்கொடுக்கக் கிளை இல்லை. தண்ணீர்கூடக் கொடுக்காமல் அவளைத் தொட்டிக்கு முன்னால் நிறுத்தி, சோடா உப்பிலிருந்து ஆரம்பித்து ஒன்று விடாமல் சொன்னேன். திருத்தாதே என்று அக்கா சொன்னதையும் சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன்.

அவள் குனிந்து அந்தத் துளிரை ஒரு விரலால் தொட்டாள்.

"அம்மாவையும் நாப்பது வருஷமா திருத்துனீங்களே சித்தி. என்னைக்காவது கேட்டாங்களா?"

"ஒரு நாளும் கேட்டதில்லை."

"இது கேட்டுடுச்சு, பாவம்," என்றாள்.