காந்தமில்லாத மோட்டார்

பக்கத்து நாடு இனிக் காந்தம் விற்க மாட்டேன் என்று கதவைச் சாத்தியபோது, ஓசூர் பேரிகை சாலையில் எங்கள் தெருவில் யாருக்கும் தூக்கம் கெடவில்லை, மோட்டார் ஷெட் நடத்தும் சுமலதாவைத் தவிர. எல்லையில் இரண்டு படைகளும் முறைத்துக்கொண்டு நின்றன. நம் ராணுவத்தின் ட்ரோன்களோ மோட்டாருக்குக் காந்தம் இல்லாமல் தரையில் கிடந்தன. அவள் தன் ஷெட்டில் காந்தமே வேண்டாத மோட்டார் ஒன்றைச் செய்து முடித்திருந்தாள். ஆயுத பூஜை கழிந்ததும் கெலவரப்பள்ளி அணைக்கரையில் அதிகாரிகள் முன் சோதனை. அதற்குள் மோட்டாரின் உள்ளமைப்பு வெளியே போனால், அதற்கான பொருள்களையும் நிறுத்தி அந்த நாடு அதையும் முடக்கிவிடும். இதெல்லாம் ரகசியம். அதனால் தெருவுக்கே தெரியும்.

பூஜையன்று ஷெட் எல்லோருக்கும் திறந்திருக்கும். பொரி வாங்கலாம், மிஷின்களைச் சுற்றிப் பார்த்துக் குறையும் சொல்லலாம். ஷெட்டில் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றும் வெங்கடம்மா அந்த மோட்டாருக்குப் பொட்டு வைத்து மல்லிகைச் சரம் சாத்தியிருந்தாள்.

மடிப்புக் கலையாத சட்டையில் ஒருவன் வந்தான். பெங்களூரிலிருந்து மிஷின் சர்வீஸுக்கு வந்தவனாம்.

"மேடம், அந்த மோட்டாரைக் கொஞ்சம் ஓட்டுங்க. மூடியைக் கழட்டி ரீடிங் எடுத்துட்டுப் போயிடறேன்."

பொரி மென்றுகொண்டிருந்த நாங்கள் எல்லோரும் அவன் பக்கம் திரும்பினோம்.

"ஏம்ப்பா, பொட்டு வச்ச மிஷினை யாராச்சும் இன்னிக்கு ஓட்டுவாங்களா?" என்றாள் வெங்கடம்மா.

"அதெல்லாம் மூடநம்பிக்கைம்மா."

சுமலதா சிரித்தாள். "நானும் பெருசா சாமி கும்பிடறதில்ல சார். ஆனா இன்னிக்கு ஸ்பேனரோட ஆள் அனுப்பற கம்பெனி ஓசூர்லயும் இல்ல, பெங்களூர்லயும் இல்ல. உங்கள யார் அனுப்பினது?"

அவன் வாசலைப் பார்த்தான். அங்கே நாங்கள் நின்றிருந்தோம்.

"எந்த ஊருப்பா நீ? அப்பா பேரு என்னா? கல்யாணம் ஆயிடுச்சா?"

போலீஸ் வரும்வரை நாங்கள் ஓயவில்லை. அவன் சட்டைப் பொத்தானில் கேமரா இருந்ததைப் போலீஸ் கண்டுபிடித்தது. யாருக்காக வந்தான் என்பதை அதற்குள் எங்களிடமே பாதி உளறியிருந்தான்.

சோதனைக்கு எங்களை யாரும் அழைக்கவில்லை. போனோம். ட்ரோன் தண்ணீருக்கு மேல் எழும்பி, அணையை ஒரு சுற்று சுற்றி, சொன்ன இடத்தில் வந்து இறங்கியது. "நம்ம சுமா மோட்டாரு, நோடு, பாரு!" என்று வெங்கடம்மா கத்தினாள்.

அதிகாரி திடுக்கிட்டார். "யார் இவங்கல்லாம்?"

"எங்க செக்யூரிட்டி சார்," என்றாள் சுமலதா.

பொத்தான் கேமரா விஷயம் அவர் காதுக்கும் போயிருந்தது போல; எங்கள் பக்கம் திரும்பி விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார். வெங்கடம்மா பதிலுக்குக் கும்பிட்டாள். நான் மட்டும் முறையாக, நெஞ்சை நிமிர்த்திச் சல்யூட்டே அடித்தேன்.