ஒரே வீடு, இரண்டு விலை

தேசப்பனைத் தரகர் என்று கூப்பிட்டால் அவருக்குப் பிடிக்காது. விசிட்டிங் கார்டில் 'ப்ராப்பர்ட்டி கன்சல்டன்ட் அண்டு வேல்யூவர்' என்று பொன் எழுத்தில் போட்டிருந்தார். அது 2007. கும்மிடிப்பூண்டியைச் சுற்றிக் கல் நட்டவனெல்லாம் அதற்கு நகர் என்று பெயர் வைத்துக்கொண்டிருந்த வருடம். நடுவதற்குக் கல் இல்லாதவர்கள் கார்டு அடித்துக்கொண்டார்கள்.

லோகநாதனின் வீட்டை மதிப்பிட வந்த ஞாயிற்றுக்கிழமை அவர் கூடத்துச் சுவரை விரல் முட்டியால் தட்டி, காதை வைத்துக் கேட்டார். பிறகு, நோயாளியின் சொந்தக்காரரைத் தனியே கூப்பிட்டுப் பேசும் டாக்டரைப் போல, லோகநாதனின் தோளில் கை போட்டு வாசலுக்கு அழைத்துப் போனார்.

"சார், உள்ளத சொல்லட்டா? மனசு கஷ்டப்படக் கூடாது."

"சொல்லுங்க."

"தெருக்குத்து. எதிர்ல ரோடு நேரா வந்து உங்க ஊட்டு மேல முட்டுது. நம்ம ஜனங்க ஒருத்தரும் தொட மாட்டாங்க. சமையக்கட்டு மூல தப்பு. பாத்ரூமு பழைய ஸ்டைலு. ஒன்பதர லட்சம். அதுவும் நான்றதால."

லோகநாதன் உருக்காலை ஒன்றில் ஃபோர்மேன். உலை முன்னால் நின்று ஆட்களை அதட்டுகிறவர். ஆனால் தன் வீட்டைப் பற்றிப் பேசும்போது மட்டும் மாப்பிள்ளை வீட்டார் முன்னால் நிற்கும் பெண்ணைப் பெற்றவர் மாதிரிக் குழைந்துவிடுவார்.

"நாலு மாடி தாங்கற அஸ்திவாரம்ங்க. பில்லருக்கு எட்டுக் கம்பி போட்டுக்கீறேன். பக்கத்து ஊட்டுக்காரன் நாலுதான் போட்டான்."

இந்தக் கம்பிக் கதையை அவர் பால்காரரிடமும் கேஸ் சிலிண்டர் தூக்கி வருகிறவரிடமும் சொல்லியிருக்கிறார். நாலு மாடிக்கான வீட்டில் இதுவரை ஒரு மாடிகூட எழும்பவில்லை. இருந்த பணமெல்லாம் அஸ்திவாரத்தோடும் அதன் பெருமையோடும் தீர்ந்துபோனது. தளத்துக்கு மேலே தூண்களின் கம்பிகள் மட்டும், முடி வெட்டாத தலை மாதிரி, வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டு நின்றன.

தேசப்பன் வாசலில் நின்றபடியே அண்ணாந்து பார்த்தார். "அத்த அறுக்கணும் சார். ஆள் கூலி வேற. சரி, அதுல நான் கொறைக்கல, உடுங்க."

"பன்னெண்டாவது வந்தா..."

பன்னிரண்டு என்பதை லோகநாதன் பேராசையில் சொல்லவில்லை. தொழிற்பேட்டையின் புகை சாயங்காலமானால் இந்தப் பக்கம்தான் இறங்கும். அவர் மனைவி ரத்னாவுக்கு இரண்டு வருடமாக மூச்சிரைப்பு. திருவள்ளூர் டாக்டர் மாத்திரையை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, கடைசியில் ஊரை மாற்றச் சொல்லிவிட்டார். திருப்பாச்சூரில் கோயிலுக்குப் பின்தெருவில், வேப்பமரத்தோடு ஒரு சின்ன வீடு பார்த்து வைத்திருந்தார்கள். விலை பன்னிரண்டு லட்சம். அந்த வீட்டுக்காரர் அதில் ஒரு ரூபாய் குறைக்க மாட்டார். ஆடி பிறந்துவிட்டால் காத்திருக்கவும் மாட்டார். ஆனி பாதி போய்விட்டது. ஒன்பதரைக்கு விற்றால் திருப்பாச்சூரில் கிணறும் சமையலறையும் கிடைக்கலாம். படுத்துக்கொள்ள இடம் கிடைக்காது.

"யோசிச்சு வைங்க" என்றார் தேசப்பன். "வர்ற ஞாயித்துக்கெழம அக்ரிமென்ட்டோட வரேன். என் பேர்லயே போட்டுக்கலாம். பார்ட்டி கெடைக்கிற வரிக்கும் ரிஸ்க் என்னுது." அன்னதானத்துக்கு அரிசி எழுதிக்கொடுக்கிறவரின் முகம் அப்போது அவருக்கு இருந்தது.

உள்ளே ரத்னா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அவரு பேர்ல எதுக்குங்க?"

"நமக்கு ஒரு ஒத்தாச."

"ஒருத்தரும் தொட மாட்டாங்கன்னு சொன்ன ஊட்ட அவரு மட்டும் எதுக்கு ஒன்பதர குடுத்துத் தொடறாரு?"

ரத்னா மூச்சு சமனாகும்வரை சுவரில் சாய்ந்திருந்துவிட்டு, ஆரணியில் உரக்கடை வைத்திருக்கும் தன் தம்பி மணவாளனுக்குப் போன் போட்டாள்.

மணவாளனுக்கு வீடு வாங்குகிறவனுக்கு வேண்டிய எல்லாம் இருந்தது. சலவைச் சட்டை, தங்க ஃபிரேம் கண்ணாடி, சட்டையைச் சற்று முன்னால் தள்ளும் வயிறு. பணம் ஒன்றுதான் இல்லை. அக்கா சொல்லிக்கொடுத்த யோசனை இதுதான்: அவன் யாரோ ஒரு பார்ட்டியாகத் தேசப்பனுக்குப் போன் செய்து, பேட்டைக்குப் பக்கத்தில் வீடு கேட்க வேண்டும். இந்த வீட்டைக் காட்ட அவர் கூட்டி வருவார். அப்போது அவர் வாயிலிருந்து வரும் விலையைக் கேட்டுக்கொள்ள வேண்டும். விற்கிறவரிடம் சொல்வது ஒரு விலை. அதே ஆள் வாங்குகிறவரிடம் சொல்வதைத் தெரிந்துகொள்ளாமல் எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது.

"தெரிஞ்சா அசிங்கமா பூடும்" என்றார் லோகநாதன்.

"கவலப்படாதீங்க மாமா" என்றான் மணவாளன் போனில். "அக்கா மட்டும் என்னப் பாத்து சிரிக்காம இருந்தா போதும்."

"உன்னப் பாத்து எனக்கு எப்படா சிரிப்பு வந்துகீது" என்றாள் ரத்னா.

அடுத்த ஞாயிறு தேசப்பனின் வெள்ளைக் கார் வந்து நின்றது. ரத்னா ஜன்னல் வழியே பார்த்தாள். முன்பக்கத்திலிருந்து தேசப்பன் இறங்கினார். பின்பக்கத்திலிருந்து, ஊருக்கே புதியவன் போல நாலு பக்கமும் பார்த்துக்கொண்டு மணவாளன் இறங்கினான். அந்தப் பக்கக் கதவும் திறந்தது. இதை அவர்கள் எதிர்பார்க்கவில்லை. வெள்ளைச் சட்டையும் லுங்கியுமாக இறங்கியவர் உமர் பாரூக். பழவேற்காட்டில் நண்டு வாங்கிச் சென்னைக்கு அனுப்புகிறவர். நிஜமாகவே வாங்க வந்தவர்.

இரண்டு பார்ட்டிகளை ஒரே காரில் ஏற்றி வருவது தேசப்பனின் தொழில்முறை. ஒருவர் கண் இன்னொருவர் மேல் இருக்கும்போது யாருடைய கண்ணும் அவர் மேல் இருக்காது.

வந்தவர்களை அவர் நேராக மொட்டை மாடிக்கு அழைத்துப் போனார். லோகநாதன் படிக்கட்டின் பாதியில் நின்றுகொண்டார்.

"பாய், எதிர்ல பாருங்க" என்று மேலிருந்து குரல் வந்தது. "ரோடு நேரா நம்ம வாசலுக்கு வருது. மறைப்பே கெடையாது, காத்து சும்மா பிச்சுக்கும். அப்புறம் இந்தக் கம்பி. பில்லருக்கு எட்டு. நாலு மாடி தாங்கும். இந்தக் காலத்துல எவன் சார் இப்டி கட்றான்?"

தன் வீட்டை இவ்வளவு சரியாகப் புரிந்துகொண்ட ஒருவரை இதுவரை லோகநாதன் சந்தித்ததில்லை. கேட்க வேண்டியது விலை என்பதே மறந்துபோய், கண்ணைத் துடைத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டார்.

விலை அதற்குப் பிறகுதான் வந்தது.

"பதினாறு" என்றார் தேசப்பன்.

மணவாளன் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டான். உமர் பாரூக் தூணருகே போய்க் கம்பிகளைத் தொட்டுப் பார்த்தார். தேசப்பன் அவர் பக்கம் சாய்ந்து, மணவாளனுக்கும் கேட்கும் ரகசியக் குரலில், "ஆரணி பார்ட்டி பதினாலுல நிக்கிறாரு பாய்" என்றார். ஆரணி பார்ட்டி அதுவரை வாயைத் திறந்திருக்கவில்லை.

"பதினாலர பாக்கலாம்" என்றார் உமர் பாரூக்.

மணவாளனுக்கு என்ன ஆயிற்று என்று பின்னாளில் அவனாலேயே சொல்ல முடியவில்லை. காற்று நன்றாக வந்தது. கம்பி எட்டாக இருந்தது. "பதினஞ்சு" என்றான்.

உமர் பாரூக் அவனைத் தலை முதல் கால் வரை பார்த்தார். "பதினாறுதான் முடிவுன்னா, பாப்போம்" என்றபடி படியிறங்கினார்.

கீழே வந்ததும் தேசப்பன் இருவரையும் கூடத்தில் உட்காரவைத்துவிட்டு, லோகநாதனைக் கொல்லைப்புறம் தள்ளிக்கொண்டு போனார். துவைக்கிற கல்லின் மேல் பத்திரத்தை விரித்தார். அதன் மேல் வெற்றிலை பாக்கும் ஒரு கட்டு நோட்டும் வைத்தார்.

"பாய் எட்டுக்கு மேல பெறாதுன்னுட்டாரு சார். ஆரணிக்காரருக்குத் தெருக்குத்து புடிக்கல. நான் வாக்கு மாற மாட்டேன். ஒன்பதரன்னா ஒன்பதர. வெத்தலய எடுத்துக்கினு கையெழுத்த போடுங்க. நாழி நல்லா கீது."

பேனாவும் லோகநாதன் கைக்கு வந்துவிட்டது. ஒன்பதரைதான் உண்மையோ என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. மணவாளனைப் பார்க்காமல் போடக் கூடாது; மணவாளனைத் தெரியும் என்றும் காட்டிக்கொள்ளக் கூடாது. வெற்றிலையைத் தொட்டுவிட்டால் வாக்குக் கொடுத்த மாதிரி. "கண்ணாடி உள்ள கீது" என்றார்.

"எங்க போடணும்னு நான் காட்றேன் சார்" என்றார் தேசப்பன், அவர் கையைப் பிடித்தபடி.

கூடத்தில் மணவாளன் நெளிந்தான். "பின்னாடி பாத்ரூம் கீதுங்களா?" என்றான். "முன்னாடிதான்" என்றாள் ரத்னா, தட்டில் காபியோடு வந்தவள். அவனுடைய கண்சாடையை அவள் பார்க்கவில்லை. வந்தவனை யாரோ போல நடத்துவதிலேயே அவள் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். உமர் பாரூக்குக்கு ஒரு டம்ளர், தம்பிக்கு ஒரு டம்ளர் வைத்தாள்.

உமர் பாரூக் ஒரு வாய் குடித்துவிட்டுக் கீழே வைத்தார். "அம்மா, எனக்கு சுகரு. சக்கர இல்லாம கெடைக்குமா?"

"இத்த எடுத்துக்கோங்க பாய்" என்று மணவாளன் தன் டம்ளரை நீட்டினான். "நான் வாய் வெக்கல. இதுல சக்கர கெடையாது."

நல்ல மனதோடுதான் சொன்னான். உமர் பாரூக் வாங்கி ஒரு வாய் குடித்தார். சர்க்கரை இல்லை. இன்னொரு வாய் குடித்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"வாய் வெக்கலன்னீங்க. சக்கர இல்லன்னு எப்டி தெரிஞ்சது?"

மணவாளன் விழித்தான்.

"அம்மாவும் உங்களக் கேக்கல. என்னையும் கேக்கல. ஆனா உங்களுக்கு மட்டும் சக்கர இல்லாம வந்துகீது." அவர் எழுந்தார். "ப்ரோக்கரே, கொஞ்சம் இங்க வாய்யா."

அந்தக் குரலில் தேசப்பன் பத்திரத்தோடு ஓடி வந்தார். பின்னால் லோகநாதன், கையில் மூடி திறந்த பேனாவோடு.

"இந்த அம்மாவுக்கு இவரு யாரு?"

ரத்னா காபித் தட்டைக் கீழே வைத்தாள்.

"என் தம்பி" என்றாள்.

தேசப்பனின் முகத்தில் வியப்பு, கோபம், வருத்தம் எல்லாம் வந்து போயின. எது செல்லுபடியாகும் என்று தெரியாததால் எதுவும் நிற்கவில்லை.

"வெல ஏத்த ஆள் வெச்சு ஆடறீங்க. நண்டு ஏலத்துல நான் பாக்காத ஆட்டமா இது" என்று உமர் பாரூக் வாசலுக்கு நடந்தார். அவர் போனால் திருப்பாச்சூரும் போனது. செருப்பை மாட்டிய பிறகுதான், வந்த கார் தேசப்பனுடையது என்பது அவருக்கு நினைவு வந்தது. ஒரு கணம் நின்றார்.

அந்த ஒரு கணம் ரத்னாவுக்குப் போதுமானதாக இருந்தது. "ஏத்தறதுக்கு இல்ல பாய்" என்றாள், இரைப்புக்கு நடுவில். "எங்ககிட்ட இவரு ஒன்பதரன்னாரு. உங்ககிட்ட இன்னா சொன்னாருன்னு எனக்கு இந்த நிமிஷம் வரிக்கும் தெரியாது. தெரிஞ்சிக்கத்தான் இவன வரச் சொன்னேன்."

"ஒன்பதரயா?"

"பதினாறு, அக்கா" என்றான் மணவாளன். "பதினாறு சொன்னாரு."

லோகநாதன் பேனாவைப் பார்த்தார். மெதுவாக மூடியைப் போட்டார்.

"சார், மார்க்கெட்டுன்னா அப்டித்தான்" என்றார் தேசப்பன். "விக்கறவருக்கு ஒரு ஆங்கிள், வாங்கறவருக்கு ஒரு ஆங்கிள். வேல்யூவேஷன்னா சும்மாவா?"

உமர் பாரூக் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். "பதினாறுக்கு நான் வந்தது உங்க தம்பி ஏத்துனதால. அவர எடுத்துட்டா எவ்ளோ?"

"பதினாறே இருக்கட்டுமே பாய்" என்றார் லோகநாதன். சற்று முன்பு ஒன்பதரைக்குக் கையெழுத்துப் போட இருந்தவர் அவர்தான்.

ரத்னா கணவரைப் பார்த்தாள். பிறகு போய், காலையிலிருந்து சாத்தியிருந்த மேற்கு ஜன்னலைத் திறந்தாள். ஜன்னல் கட்டையில் புகைக்கரி கறுப்பாகப் படிந்திருந்தது.

"அக்கா" என்றான் மணவாளன். லோகநாதன் கண்ணை மூடிக்கொண்டார்.

"இதையும் பாத்துட்டு சொல்லுங்க" என்றாள். "இதுக்குத்தான் போறோம்."

உமர் பாரூக் கட்டையை விரலால் தேய்த்தார். விரலைப் பார்த்தார். கைக்குட்டையில் துடைத்தார்.

"நான் குடியிருக்க வரலம்மா. மேல ரூம் கட்டி மில்லு ஆளுங்களுக்கு வாடகைக்கு உடப் போறேன். அவங்க ஓட்ற மில்லு, அவங்க பொக."

ரத்னா ஜன்னலைச் சாத்தினாள்.

"கம்பிய மேலயே எண்ணிட்டேன். எட்டுதான்" என்று அவர் லோகநாதனிடம் சொன்னார். "பொகைக்குக் கழிச்சு, கம்பிக்குக் கூட்டிப் பதிமூணு. ஆடிக்கு முன்னாடி ரிஜிஸ்டர்."

"பதினாலு..." என்று லோகநாதன் ஆரம்பித்தார்.

"சரி பாய்" என்றாள் ரத்னா.

தேசப்பன் பத்திரத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, வெற்றிலையையும் நோட்டுக் கட்டையும் எடுக்கக் கொல்லைப்புறம் போனார். திரும்பி வந்தபோது மறுபடியும் கன்சல்டன்ட்டாகவே வந்தார். தொண்டையைக் கனைத்தார்.

"நல்ல டீலு. நான் இல்லன்னா நீங்க ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்திருப்பீங்களா? ரெண்டு பக்கமும் ஒரு பர்சென்ட்டு. மார்க்கெட் ரேட்டு அது."

"என் பக்கம் நான் தரேன்" என்றார் உமர் பாரூக். "கார்ல கொண்டு போய் உடணும்ல."

தேசப்பன் லோகநாதனைப் பார்த்தார். லோகநாதன் மனைவியைப் பார்த்தார்.

"எங்க பக்கமும் தரோம்" என்றாள் ரத்னா. "ஆனா நீங்க எங்க ஊட்டுக்கு ஒன்பதரன்னுதான மதிப்பு போட்டீங்க. அந்த ஒன்பதரைக்கு ஒரு பர்சென்ட்டு."

தேசப்பனின் சட்டைப் பையில் இருந்த இரண்டு செல்போன்களில் ஒன்று அடித்தது. அவர் அடிக்காத மற்றதை எடுத்துக் காதில் வைத்து, "ஹலோ" என்றார்.