வெள்ளத்தாய் கொண்டுவந்த சட்டி

தெருமுனையில் அந்தச் சட்டியைப் பார்த்ததுமே ஞானபாக்கியத்துக்கு நெஞ்சு எரிந்தது. ஈஸ்டர் என்னும் பாஸ்குத் திருநாள் பூசை முடிந்து ராஜபாளையமே கறி வதக்கிக்கொண்டிருந்தது. வன்னியம்பட்டியிலிருந்து நாத்தனார் வெள்ளத்தாய், துணியில் கட்டிய மண்சட்டியோடு வந்துகொண்டிருந்தாள். வராமல் இருப்பாளா என்ன!

அந்தக் குடும்பத்தில் ஒரு பழக்கம். கறி தொடாத நாற்பது நாள் தபசு காலம் முடிந்ததும் அக்காள் சமைத்த ஆட்டுக்கறியில் முதல் துண்டு தம்பி வாய்க்குத்தான் போக வேண்டும். வேறு யாராவது முந்திக் கை வைத்தால் அந்தக் கறி தம்பிக்கு ஆகாது. நல்ல பழக்கம்தான், தம்பிக்கு நல்ல வயிறு இருந்தால்!

ஞானபாக்கியத்தின் கணவன் தவசிமுத்துவுக்கு இருந்ததோ எந்நேரமும் புளித்த ஏப்பம் விடும் வயிறு. ஸ்ரீவில்லிபுத்தூர் இயற்கை வைத்தியர் பால்ச்சாமி பேச்சைக் கேட்டு, தபசு காலத்தின் கடைசிப் பத்து நாளும் வெறும் பழச்சாறும் இளநீரும்தான். ஐந்தாம் நாள் நாக்கில் மாவு படிந்தது. ஏழாம் நாள் எழுந்தால் கண் இருட்டியது. ஏப்பம் நின்றுபோனதில் மனுசனுக்குப் பெருமை பிடிபடவில்லை.

போன வருடமும் இப்படித்தான் பெருமைப்பட்டார். சும்மா கிடந்த வயிற்றில் அக்காள் கறியை நாலு கரண்டி அள்ளிப் போட்டார். சாயங்காலத்துக்குள் வயிறு பானையாய் உப்பி, மலமும் போகாமல் காற்றும் பிரியாமல் சுருண்டு துடித்தவரை மாட்டுவண்டியில் ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கொண்டுபோனது யார்? வண்டி பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் அவரோடு சேர்ந்து அலறியது யார்? ஞானபாக்கியம்தான். அக்காள் அதற்குள் சட்டியைக் கழுவி எடுத்துக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்திருந்தாள்.

பால்ச்சாமி இந்தத் தடவை கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். "குடல் அசந்து தூங்குது தாயி. மூணு நாளைக்கு நொய்க்கஞ்சித் தண்ணிதான். இன்னொரு மட்டம் கறி தின்னா ஆளு தப்ப மாட்டாரு."

வெள்ளத்தாய் உள்ளே வந்து சட்டியை அவிழ்த்தாள். "ஏலே தவசி, எம்புட்டு மெலிஞ்சு போயிட்ட! உக்காரு."

"மதினி, அவியளுக்குக் கஞ்சி வச்சிருக்கேன். மூணு நாளு பொறுங்க," என்றாள் ஞானபாக்கியம்.

"ஏட்டி, விடியுமுன்ன எந்திரிச்சு அரைச்சு வச்ச கறி இது. கஞ்சித் தண்ணி குடிக்க எந்தம்பி என்ன சீக்காளியா?"

ஞானபாக்கியம் கணவனைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

"ஒரே ஒரு துண்டு... அக்கா மனசு நோகும்லா," என்று கையை நீட்டினார்.

அவ்வளவுதான். பத்து நாளும் பழம் பிழிந்து பிழிந்து வெந்துபோன கை அவருக்கு முந்திச் சட்டிக்குள் போனது. பெரிய துண்டாகப் பார்த்து எடுத்துத் தன் வாயில் போட்டு மென்றாள் ஞானபாக்கியம்.

"அடிப்பாவி!" என்று அலறினாள் வெள்ளத்தாய். "எந்தம்பிக்கு முன்னால கைய வச்சிட்டியே! இனி இத அவன் வாயில வைக்கலாமா?"

"வைக்கக் கூடாதுன்னுதான் தின்னேன்! போன வருசம் வண்டியில இவிய உசுரு ஊசலாடுச்சே, அப்ப நீங்க எங்க போனிய? மனசு நோகுமாம், மனசு! இவிய குடலு நொந்தது ஒருத்தர் கண்ணுக்கும் தெரியலியா?"

"இனி இந்த வாசல மிதிச்சா என்னன்னு கேளு!" வெள்ளத்தாய் சட்டியைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று இறங்கிப் போனாள்.

தவசிமுத்துவுக்கு முகம் சிவந்தது. "எங்கக்காவ விரட்டிட்டியேட்டி!"

"ஆமா, விரட்டிட்டேன். குடிங்க." கஞ்சிக் கிண்ணத்தை நங்கென்று அவர் முன்னால் வைத்தாள்.

வேறு வழியில்லாமல் அவர் குடித்தார். கிண்ணம் காலியாகும்வரை அவள் நகரவில்லை.

"உப்பு பத்தல," என்றார் எரிச்சலோடு.

"உப்பு நாளைக்குப் போடுதேன். நாளைக்கும் நீங்க இருப்பியள்ல!"