நூல் கட்டிய மரத்துண்டுகள்

நாச்சிமுத்து வாத்தியாருக்குப் பட்டமரக் கிறுக்கு. எடப்பாடியில் பள்ளிக்கூடம் விட்டதும் சைக்கிளை எடுத்தாரானால் ஜேடர்பாளையம் வரைக்கும் மிதிப்பார். செத்த வேம்பிலும் புளியிலும் கரித்துண்டு போல ஒட்டியிருக்கும் பூசணத்தைப் பட்டையோடு செதுக்கிக்கொண்டு வருவார். எந்தப் பூசணம் எந்த ஊரில், எந்த மரத்தில் முளைக்கிறது என்று சேலம் ஜில்லா முழுமைக்கும் பட்டியல் போட்டு மதராஸ் பேராசிரியருக்கு அனுப்ப வேண்டும். ஐந்து வருஷமாக இதே ஜபம். பெண்டாட்டி பூவாத்தாள் உண்டாளா, உறங்கினாளா என்று ஒருநாள் கேட்டிருப்பாரா அந்த மனுஷன்? கேட்டால்தானே!

1938 ஐப்பசி அடைமழையில் ஓடு ஒழுகி, துண்டுகளோடு வைத்திருந்த சீட்டுகளில் மையெல்லாம் கரைந்துவிட்டது. பட்டையைப் பார்த்து மரத்தைச் சொல்லிவிடலாம். ஊரை எப்படிச் சொல்வது? ஊர் தெரியாத துண்டு வெறும் விறகு. பேராசிரியரோ மாசக் கடைசிக்குள் பட்டியல் வேண்டும் என்று எழுதியிருந்தார்.

ஆனால் ஒவ்வொரு துண்டிலும் ஒரு தறிநூல் இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாத பூவாத்தாள், துண்டுகள் கலந்துவிடக் கூடாதென்று ஊருக்கொரு நிறமாகக் கட்டி வைத்தது. "உனக்கெதுக்குடி இந்த வேலை?" என்று அவர் எரிந்து விழுந்ததுண்டு. இப்போது அதுதான் கதி. அவளோ இருபது நாளாகக் காய்ச்சலில் கிடந்தாள்.

மத்தியானம் காகிதமும் பென்சிலுமாகப் போய் நின்றார். "பூவா, செவப்பு எந்தூரு?"

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "மொதல்ல இப்பிடிக் கிட்ட உக்காருங்க மாமா. செவப்பு எடப்பாடிங்க. பச்ச ஜேடர்பாளையம்."

மூச்சு வாங்க வாங்க ஒன்பது நிறமும் சொன்னாள். அவர் எழுந்தார். அவள் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

"இருங்க மாமா, இன்னும் மஞ்ச இருக்குதுங்க. அது எங்கம்மா ஊரு, அயோத்தியாப்பட்டணம். மறுவூட்டுக்கு வண்டியில போனமே, அன்னைக்கு நீங்க..."

"சரி சரி, மஞ்சள் அயோத்தியாப்பட்டணம். எழுதிக்கிட்டேன். மிச்சத்த அப்பறமாச் சொல்லு."

கையை விலக்கிவிட்டு வெளி அறைக்குப் போய்த் துண்டுகளைப் பிரிக்க உட்கார்ந்தார். கஞ்சி கொண்டுவந்த அண்டை வீட்டுச் செல்லியம்மாள் உள்ளேயிருந்து அலறிய பிறகுதான் நிமிர்ந்தார். ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தும் பூவாத்தாள் உயிர் போனது அவருக்குத் தெரியவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் மறுபடி பட்டியலை எடுத்தார். ஒன்பது நிறமும் அதனதன் ஊரில் அச்சாக உட்கார்ந்தன. மஞ்சளை மட்டும் காணோம். கூடையைக் கவிழ்த்தார். பரணில் ஏறித் தடவினார். நானூறு துண்டில் ஒன்றில்கூட மஞ்சள் நூல் இல்லை.

எப்படி இருக்கும்? அயோத்தியாப்பட்டணத்துக்கு அவர் மரம் செதுக்கப் போனதே இல்லை. மறுவீட்டுக்குப் போனதோடு சரி. பட்டியல் கிறுக்கில் அன்றைக்கு அது உறைக்கவில்லை, படுபாவிக்கு.

துண்டுகளுக்கு நடுவே தலையில் அறைந்துகொண்டார். "அடி பூவா, என்னெ இன்னும் செத்த நேரம் உக்கார வெக்கறதுக்கு நீ பொய் சொல்ல வேண்டியதாப் போச்சே! அதுக்கும் நான் உக்காரலியேடி!"