கடைசியாகக் குடியிருந்த இடம்

சம்பத் பதினான்கு வருஷம் எத்தியோப்பியாவில் இருந்தவர். ஆம்பூரில் இதை யாரும் விசாரித்துத் தெரிந்துகொள்ளத் தேவையில்லை, அவரே சொல்லிவிடுவார். காப்பி குடித்தால், அங்கே கொட்டையைக் கண்ணெதிரே வறுத்துப் போட்டுக் கொடுப்பதைச் சொல்வார். தோசை புளித்திருந்தால் அந்த ஊர்ப் புளித்த தோசையான இஞ்சராவைப் பற்றிச் சொல்வார். புளிக்காவிட்டாலும் சொல்வார். மோஜோ என்கிற ஊரில் தோல் தொழிற்சாலை ஒன்றில் ஃபினிஷிங் சூப்பர்வைசராக இருந்தவர். தெருவில் அவருக்கு, அந்த நாட்டுத் தலைநகரின் பெயரைச் சேர்த்து, 'அடிஸ் சம்பத்' என்று பெயர். அது கிண்டல் என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியாது.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், இதற்கு முன் எந்த ஊரில், எந்த நாட்டில் குடியிருந்தீர்கள் என்று ஒரு கேள்வி உண்டு என்று கேள்விப்பட்டதும், ஒருவழியாக அரசாங்கத்துக்குத் தன் அருமை தெரிந்துவிட்டது என்று அவர் முடிவுகட்டினார்.

சனிக்கிழமையே பக்கத்து வீட்டு அமீர் பாஷா வீட்டில் கணக்கெடுத்து முடித்திருந்தார்கள்.

"எனக்கு சவுதி அரேபியான்னு போட்டுக்கினாங்க சம்பத்து," என்றார் அவர், மதில்சுவருக்கு அந்தப் பக்கமிருந்து.

அந்த நாட்டுத் தம்மாமில் வெறும் இரண்டே வருஷம் டிரைவராக இருந்த மனிதர். இரண்டு வருஷத்துக்கே ஒரு நாடு என்றால் தனக்கு ஒரு கண்டத்தையே எழுதித் தர வேண்டியிருக்கும் என்று சம்பத் நினைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, இஸ்திரி போட்ட சட்டையுடன் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். மேசைமேல் காலாவதியான இரண்டு பாஸ்போர்ட், வேலை பெர்மிட், தோல் வாங்க வந்த வெள்ளைக்காரருடன் நின்று எடுத்த போட்டோ. பத்து மணிக்கு ஹெலன் டீச்சர் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார். அரசு நடுநிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர்; இப்போது கணக்கெடுக்கும் டீச்சர். அன்றைக்கு அது அவருக்கு ஒன்பதாவது வீடு.

பெயர், வயது, படிப்பு, பிறந்த ஊர் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு ஃபோனில் பதிந்துகொண்டே வந்தார். சம்பத் இதையெல்லாம் கல்யாண வீட்டில் சாப்பாட்டுக்கு முன் வரும் வரவேற்பு மாதிரி பொறுத்துக்கொண்டார்.

"இதுக்கு முன்னாடி எங்க சார் குடியிருந்தீங்க?"

சம்பத் தொண்டையைச் செருமினார். "எழுதிக்குங்க டீச்சர். ரெண்டாயிரத்து ஆறு, மார்ச் மாசம்..."

"கடைசியா இருந்த இடம் மட்டும் போதும் சார்."

"எத்தியோப்பியா."

டீச்சர் நாடுகளின் பட்டியலில் விரலை ஓட்டினார். சட்டென்று நிறுத்தி, "அங்கேருந்து நேரா ஆம்பூர்தானே வந்தீங்க?" என்றார்.

"நேரா மெட்ராஸ் ஏர்போர்ட்டு..."

"நேரா காவேரிப்பாக்கம்," என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது. அவர் மனைவி எழிலரசி.

கொரோனா வந்து தொழிற்சாலையை மூடியதும், குடும்பத்தோடு ஊர் திரும்பிய சம்பத் போய் இறங்கிய இடம் மாமியார் கெங்கம்மாள் வீடு. பதினான்கு வருஷக் கதையில் அவர் யாரிடமும் சொல்லாத பகுதி இது ஒன்றுதான். கெங்கம்மாள் மகா நல்ல மனுஷி. தினமும் மூன்று வேளையும், தெருவுக்கே கேட்கிற மாதிரி, "வேலையில்லாத மாப்பிள்ள சாப்ட்டாரா?" என்று அக்கறையாக விசாரிப்பார்.

"அது மாமியார் வீடு டீச்சர். விருந்துக்குப் போனேன்."

"எவ்ளோ நாள் விருந்து சார்?"

"ஒரு ரெண்டு மாசம் இருக்கும்."

"பதினோரு மாசம் டீச்சர்," எழிலரசி கரண்டியோடு வெளியே வந்தாள். "ரேஷன் கார்டுல பேரெல்லாம் அங்க சேர்த்துட்டோம். இவரு ஏரியில மீன் புடிக்கிறவங்களோட தோஸ்த்தே ஆய்ட்டாரு. அப்புறந்தான் இங்க தோல் ஷாப்புல வேலை கெடச்சு வந்தோம்."

"அப்ப கடைசியா இருந்த இடம் காவேரிப்பாக்கம்தான். மாவட்டம் ராணிப்பேட்டை," என்றார் டீச்சர்.

"டீச்சர், ரெண்டையும் போடுங்க."

"ஒண்ணு போடத்தான் இடம் இருக்கு சார்."

"அப்ப அந்தப் பதினாலு வருஷம்?"

"அதுக்குக் கேள்வி இல்ல சார்."

சம்பத்துக்கு முகம் சுண்டிப்போயிற்று. பாஸ்போர்ட்டைத் திறந்து முத்திரைகளை ஒவ்வொன்றாகக் காட்டினார். டீச்சர், பரீட்சையில் கேட்காத கேள்விக்குப் பக்கம் பக்கமாக எழுதி வைத்த பையனின் தாளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"பாஸ்போர்ட்லாம் வேணாம் சார். நீங்க வாயால சொல்றதுதான் கணக்கு."

இதில் ஒரு வழி இருப்பது சம்பத்துக்குத் தெரிந்தது. "அப்ப நான் எத்தியோப்பியான்னே சொல்றேன். பக்கத்து வீட்டு பாய்க்கு மட்டும் சவுதி போட்டீங்க?"

"அவர் தம்மாம்லேருந்து நேரா இங்க வந்தாரு சார்."

"சொல்லுங்களேன்," என்றாள் எழிலரசி. "பதினோரு மாசம் எங்கம்மா போட்ட சோறு எந்த நாட்டுச் சோறுன்னும் சேத்துச் சொல்லிடுங்க."

சம்பத் பாஸ்போர்ட்டை மூடினார். "காவேரிப்பாக்கம்னே போடுங்க," என்றார்.

"அங்கேருந்து இங்க வந்ததுக்குக் காரணம்? வேலையா, படிப்பா, கல்யாணமா?"

"மானம்."

"அது இதுல இல்ல சார். வேலைன்னு போட்டுடறேன்."

அடுத்து எழிலரசியை முடித்து, மகள் தமிழினியிடம் வந்தார் டீச்சர். நாலாம் வகுப்பு. தலையைப் பின்னிக்கொள்ளாமல் சோபாவின் கையில் உட்கார்ந்திருந்தாள்.

"பாப்பா பொறந்தது எங்க?"

"எத்தியோப்பியா," என்றாள் எழிலரசி.

டீச்சர் பட்டியலில் மறுபடி தேடி அதைத் தொட்டார். அவ்வளவுதான். இரண்டு வயதில் ஊருக்கு வந்துவிட்ட, அந்த நாட்டின் ஒரு மரம்கூட நினைவில் இல்லாத பெண்ணின் பெயரில் எத்தியோப்பியா பதிவாயிற்று. டீச்சர் குடையை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குக் கிளம்பினார்.

"நான் ஆம்பூர் இல்லியா?" தமிழினிக்கு அழுகை வரும்போல் இருந்தது. "கிளாஸ்ல கேட்டா பேஜாராய்டும்."

"அது பெருமைடி," என்றார் சம்பத். "அங்க ஆஸ்பத்திரிலதான் நீ பொறந்தே."

"ஆஸ்பத்திரி எப்படி இருந்துச்சுப்பா?"

சம்பத் வாயைத் திறந்தார். எத்தியோப்பியாவைப் பற்றி ஒருவர் கேட்டு அவருக்குத் தெரியாமல் போனது அன்றுதான். அவள் பிறந்த அன்றைக்கு ஷிப்மென்ட் அவசரம்; தொழிற்சாலையில் ஸ்பிரே மெஷின் பக்கத்தில் நின்றிருந்தார். ஆஸ்பத்திரிக்கு மறுநாள் மத்தியானம்தான் போனார்.

"அவருக்கு எப்படித் தெரியும்? இங்க வா," என்று எழிலரசி சீப்பை எடுத்துக்கொண்டு மகளை முன்னால் உட்கார வைத்தாள். "சரியான மழ. எனக்கு அந்தப் பாஷையில தெரிஞ்சது ஒரே ஒரு வார்த்த. வுஹா. தண்ணின்னு அர்த்தம். வலி வர்றப்பல்லாம் வேற இன்னா சொல்றதுன்னு தெரியாம வுஹா, வுஹான்னு கத்தினேன். அந்த நர்ஸுங்க பாவம், டம்ளர் டம்ளரா கொண்டாந்து குடுத்துக்கினே இருந்தாங்க. நீ பொறக்கறதுக்குள்ள ஒரு குடம் குடிச்சிருப்பேன்."

தமிழினி விழுந்து விழுந்து சிரித்தாள்.

"இத எங்கிட்ட சொல்லவே இல்லியே," என்றார் சம்பத்.

"நீங்க எத்தியோப்பியாவப் பத்திப் பேசி முடிக்கட்டும்னு இருந்தேன்."

சம்பத் பாஸ்போர்ட்டுகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, இஸ்திரி மடிப்பு கலைவதைப் பற்றிக்கூடக் கவலைப்படாமல், தரையில் வந்து உட்கார்ந்தார்.

"அப்புறம் இன்னா ஆச்சு?" என்று கேட்டார்.