இரண்டு மீட்டர் கழிவு

“முருகேஸ்வரி, கயிறு வைக்க இந்த மூணுல எந்தப் பைய எடுக்கலாம்?” என்று ஜீப் ஓட்டும் பிச்சைமணி ஒருமுறை கேட்டார். அவள் மூன்றாவது பையைத் தொட்டுக் காட்டினாள். அன்றிலிருந்து, எவ்வளவு நீளக் கயிறானாலும், பள்ளத்தில் நிற்கும் ஆளின் கைக்கு இரண்டு மீட்டர் மேலேயே நின்றுவிடுகிறது.

போடிமெட்டுக்கு இந்தப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட் ஆட்கள் ஏழு பேர், பெரிய மண்சரிவு நடந்த வருஷத்துக்குப் பிறகு, ஒரு மீட்புக் குழு வைத்திருந்தார்கள். முருகேஸ்வரியும் பிச்சைமணியும் அதில் இருந்தார்கள். பயிற்சி கொடுக்க வந்தவர், கயிற்றைச் சுருட்டி வைக்கக் கூடாது, பைக்குள் திணிக்க வேண்டும், வாய் தானாகத் திறந்து நிற்க வேண்டும், அடியில் தண்ணீர் வடிய ஓட்டை வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். கடையில் வாங்கிய சிவப்புப் பையில் இதெல்லாம் இருந்தது. ஆனால் ஒரு மாத மூடுபனியில் உள்ளே இருந்த கயிறு பூசணம் பிடித்தது. தார்ப்பாயில் தைத்த இரண்டாவது பை அதைவிட மோசம். மூன்றாவது, கொழுந்து அள்ளும் நைலான் சாக்கு. தோள்வார் வைத்துத் தைத்திருந்தார்கள். காற்று புகும், மழையில் நனைந்தாலும் மதியத்துக்குள் காய்ந்துவிடும். பதினோரு வருஷம் கொழுந்துச் சாக்கு சுமந்த முருகேஸ்வரி அதைத் தொட்டதில் யாரும் குற்றம் காணவில்லை. எஸ்டேட்டில் கொழுந்தை எடை போடும்போது சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று இரண்டு கிலோ கழிவு பிடிப்பார்கள். வெயில் காலத்திலும் கழிப்பார்கள். அந்தச் சாக்கு இருபது வருஷம் தராசில் தொங்கியது. அதற்கு வேறு பழக்கம் தெரியாது என்பதை ஒருவரும் யோசிக்கவில்லை.

அந்த ஆடி மாதம் பாக்டரியில் வேலை பார்த்த சுடலைமணி, ஆட்டுக்குப் புல் அறுக்கப் போய், மண்ணோடு சரிந்து பாதிப் பள்ளத்தில் ஒரு பாறைத் திட்டில் நின்றுவிட்டார். மேலும் கீழும் செங்குத்துப் பாறை. குழு ஐம்பது மீட்டர் கயிற்றை இறக்கியது. அது அவர் உயர்த்திய கைக்கு இரண்டு மீட்டர் மேலே நின்றது. தீயணைப்பு வண்டி நூறு மீட்டர் கயிறு கொண்டுவந்தது. வண்டியிலிருந்து சரிவு வரை சுமந்துபோக அதையும் வசதியாக இருக்கிறதென்று அதே சாக்கில்தான் திணித்தார்கள். அதுவும் அதே இடத்தில் நின்றது. ரோட்டில் நீட்டி அளந்தால் நூறு மீட்டர் சரியாக இருந்தது. ஒரு ஸ்டூலைக் கீழே போட்டார்கள். அவர் அதில் ஏறியதும் கயிறும் ஸ்டூல் உயர அளவுக்கு மேலே ஏறிவிட்டது.

“பிச்சண்ணே, கயித்துக்குமா கழிவு பிடிக்கிறிய?” என்று கீழேயிருந்து சுடலைமணி கேட்டார். மேலே நின்றவர்கள் சிரித்தார்கள். முருகேஸ்வரிக்குச் சிரிப்பு வரவில்லை.

கயிற்று நுனியிலிருந்து சோற்றுப் பொட்டலத்தைக் கீழே விழவிடலாம், அவர் பிடித்துக்கொள்வார். ஆளும் குதிக்கலாம், ஆனால் திரும்ப ஏற முடியாது. அதனால் குழுவில் யாரையும் இறங்க விடவில்லை. முன்பு எடை போட்ட சூப்பர்வைசர் மாரீஸ்வரனைக் கூட்டிவந்து, கழித்ததைத் திருப்பிக் கொடுத்ததாக வாயாலாவது சொல்லச் சொன்னார்கள். அவர் சாக்கை வெகுநேரம் தடவிப் பார்த்தார். “நான் எங்க கழிச்சேன்? மேல சொன்னாக, செஞ்சேன்” என்றார். இரண்டாம் வருஷம் முருகேஸ்வரி சாக்கை எரித்தாள். புகையில் பச்சைக் கொழுந்து மணந்தது. அடுத்து வாங்கிய புதுக் கயிறு, புதுப் பையிலிருந்து இறங்கி, இரண்டு மீட்டர் மேலே நின்றது. அதன்பின் போடிக்குப் போகும் பஸ்காரர்கள் அந்த வளைவில் ஒரு ஹாரன் அடித்துவிட்டுப் போக ஆரம்பித்தார்கள். சுடலைமணி கீழேயிருந்து கை காட்டுவார். திட்டில் அவர் போட்ட பீன்ஸ் நன்றாகக் காய்த்தது. மகள் செல்வப்பிரியாவின் கல்யாணத்தன்று பொண்ணும் மாப்பிள்ளையும் விளிம்பில் விழுந்து கும்பிட்டார்கள். அவர் கீழேயிருந்து சத்தமாக வாழ்த்தினார்.

சுடலைமணியின் மனைவி அழகுத்தாய் மூன்று வருஷமும் தினம் சோறு கொண்டுவந்தாள். பையைத் தேர்ந்தெடுத்தது யார் என்று அவளுக்குத் தெரியும். ஒருநாளும் கேட்டதில்லை. முருகேஸ்வரிக்கு அது தாங்க முடியாததாக இருந்தது. பாதையில் அவளைக் கண்டால் தேயிலைச் செடிகளுக்குள் ஒதுங்கி நிற்பாள்.

அழகுத்தாய்க்கு ஐம்பத்தெட்டு வயது முடிந்து எஸ்டேட் வேலை நின்றது, வேலையாட்களுக்குக் கொடுக்கும் லயத்து வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். மறுநாள் காலை ஒரு கம்பளியும் இரண்டு சேலையும் மூட்டை கட்டிக்கொண்டு பள்ளத்துக்கு வந்தாள்.

“அழகு, எறங்குனா ஏற முடியாது. தெரிஞ்சுதான போற?” என்று பிச்சைமணி கேட்டார்.

“லயத்துச் சாவிய ஆபீஸ்ல குடுத்துட்டேம்ணே.”

பிச்சைமணி டீக்கடைக்குப் போன் செய்து, நாளையிலிருந்து இரண்டு பேருக்குப் பொட்டலம் கட்டச் சொன்னார். இடுப்புப் பட்டையை முருகேஸ்வரிதான் மாட்டினாள். முடிச்சை இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள். மூன்று வருஷமாகச் சேர்த்து வைத்திருந்ததைச் சொல்ல வாயெடுத்தாள். “அக்கா, அந்தப் பைய…” என்று தொடங்கினாள்.

அழகுத்தாய் அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு மூட்டையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பாறைக்கு முகம் திருப்பி இறங்கிப் போனாள்.