நாலு நாடா வைத்த உறை

“ஒழுகாதுல்ல?” என்று கேட்டான் கணவன்.

ஆஸ்பத்திரியின் பின்வாசலில், வண்டியின் டிக்கியைத் திறந்து பிடித்தபடி நின்றான். அவள் கையில் ஒரு பிளாஸ்டிக் பை இருந்தது. அதில் அப்பாவின் மூக்குக்கண்ணாடி, கைக்கடிகாரம், செருப்பு, நர்ஸ் கழற்றி மடித்துக் கொடுத்த சட்டை. அப்பா இறந்து ஒரு மணி பத்து நிமிடம் ஆகியிருந்தது.

“சட்டை கொஞ்சம் ஈரம்,” என்றாள்.

“அப்ப இது மேல வெச்சிடலாம்.”

டிக்கியின் ஓரத்தில் நாலாக மடித்துக் கிடந்த பச்சை ரெக்ஸின் உறையை எடுத்து விரித்தான். பையை இரண்டு விரலால் வாங்கி அதன் நடுவில் வைத்தான். சாய்ந்துவிடப் போகிறதே என்று உறையின் ஓரங்களைச் சுற்றிலும் அணையாகத் தூக்கிவிட்டான். டிக்கியின் அடிவிரிப்பில் ஒரு சொட்டு விழவில்லை என்பதைக் குனிந்து பார்த்துக்கொண்ட பிறகுதான் நிமிர்ந்தான்.

அவளுக்கு வாய்வரை ஒன்று வந்து முட்டியது. அழுகை என்றுதான் முதலில் நினைத்தாள். அழுகை இல்லை. வாயில் போட்ட கவளத்தில் முடி தட்டுப்பட்டால் வருமே, அது.

“மாமாவோட கைத்தடி எங்க?” என்றான் அவன். அதையும் அவன்தான் ஞாபகம் வைத்திருந்தான். பொறுப்பில்லாதவன் என்று அவனை யாரும் சொல்லிவிட முடியாது. இரண்டு வருடமாக வாரம் மூன்று நாள் மாமனாரை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவந்தவன். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. முகத்தைச் சுளிக்கவில்லையே தவிர, மூக்கால் மூச்சு விடாமல் ஓட்டிக்கொண்டிருந்தான் என்பது பக்கத்தில் உட்கார்ந்தவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

கைத்தடி டயாலிசிஸ் அறையில் இருக்கும் என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

அந்த அறையில் ஆறு கட்டில்கள். ஐந்தில் ஆட்கள் கிடந்தார்கள். ஆறாவது கட்டிலின் தலைமாட்டில் கைத்தடி சாத்தியிருந்தது. சமாச்சாரம் அதற்குள் அங்கே வந்து சேர்ந்திருந்தது. நர்ஸம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு கைத்தடியை எடுத்துக் கொடுத்தாள்.

“செவ்வாக்கிழமை மறந்து வெச்சுட்டுப் போயிட்டாரு. நேத்தாவது இங்க வந்தா குடுக்கலாம்னு எடுத்து வெச்சேன்.”

“வியாழக்கிழமைதான் அவருக்குக் கெடையாதே,” என்றாள் இவள். “வாரம் ரெண்டு போதும்னு டாக்டர் கொறைச்சுட்டாருல்ல.”

நர்ஸம்மா அவளை ஒரு மாதிரி பார்த்தாள். “யாரு கொறைச்சா?”

மேஜையில் கிடந்த நோட்டைத் திருப்பிக் காட்டினாள். தொடர்ந்து நாலு வியாழக்கிழமை. அப்பாவின் பெயருக்கு நேரே நாலு இடத்திலும் சிவப்பு மையில் ‘வரவில்லை’.

நர்ஸம்மா முதல் வாரமே போன் செய்து கேட்டிருக்கிறாள். வியாழக்கிழமை மட்டும் வீட்டுக்குப் பக்கத்திலேயே வேறு இடத்தில் செய்துகொள்வதாகவும், அன்று மகள் வேலைக்குப் போகிற நாள், அதுதான் தோது என்றும் அப்பா சொல்லியிருக்கிறார். வீட்டில் சொன்னது ஒன்று, இங்கே சொன்னது ஒன்று.

“மாஸ்டர் பொய் சொல்வாருன்னு யாரும்மா கண்டா?” என்றாள் நர்ஸம்மா.

அப்பாவை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் சொல்வார்கள். டிரைவிங் ஸ்கூலில் முப்பத்தொரு வருடம். கற்றுக்கொள்கிறவன் ஸ்டியரிங்கைப் பிடிப்பான். பக்கத்து இருக்கையில் அப்பா உட்கார்ந்திருப்பார். அவர் காலடியில் தனியாக ஒரு பிரேக்கும் ஒரு கிளட்சும் இருக்கும். “ஓட்டுறவனுக்குக் கண்ணு ரோட்டுல இருக்கணும், எனக்கு உசிரு கால்ல இருக்கணும்” என்பார். பக்கத்தில் இருப்பவனுக்குக் கியர் மாறியதே தெரியக் கூடாது என்பது அவர் பாடத்தில் முதலும் கடைசியும்.

அப்பாவுக்கு உடுத்தத் துணி எடுப்பதற்காக வீட்டுக்குக் கிளம்பினார்கள். அவள் முன்னிருக்கையில் இறங்கி உட்கார்ந்தாள். இந்த வண்டியில் ஏறி உட்கார முடியாது. இறங்கித்தான் உட்கார வேண்டும். எட்டு மாதத்துக்கு முன்பு வரை அவர்களிடம் இருந்தது உயரமான ஒரு பழைய வண்டி. பெஞ்சில் உட்காருவதுபோல் அப்பா அதில் தானே உட்கார்ந்து தானே எழுந்துவிடுவார். அதை விற்றுவிட்டுத்தான் கணவன் இதை வாங்கினான். சின்ன வண்டிதான், ஆனால் உயர்ந்த ரகம். பந்தய வண்டியின் எஞ்சினை எடுத்து இதற்குள் திணித்த மாதிரி வேகம். கேட்டவர்களிடமெல்லாம் “தினசரி வண்டிதான்” என்றான். ஆபீஸ், காய்கறி, மாமாவின் டயாலிசிஸ், எல்லாவற்றுக்கும் ஒன்றே போதுமாம். ஆபீஸ் ஏழு கிலோமீட்டர். நடுவில் பதினொரு சிக்னல்.

வண்டி வந்த அன்று அப்பா கைத்தடியை ஊன்றிக் குனிந்து, சன்னமான டயரைப் பார்த்தார். “ரப்பரை பெயிண்ட் மாதிரி அடிச்சிருக்கான்,” என்றார். பிறகு எஞ்சினின் சங்கதியைக் கேட்டுவிட்டு, “ஈ அடிக்க எதுக்கு மாப்ள கோடாலி?” என்றார். கணவனும் சிரித்தான். “உங்களுக்காகத்தான் மாமா. சட்டுனு போயிட்டு சட்டுனு வந்துடலாம்ல,” என்றான்.

இரண்டாம் மாதம் ஒரு வியாழக்கிழமை, டயாலிசிஸ் முடிந்து திரும்பும்போது அப்பா வாந்தி எடுத்துவிட்டார். இரண்டு லாரிகளுக்கு நடுவே புகுந்து வந்து வண்டியைச் சட்டென்று நிறுத்தியிருக்கிறான். கணவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இருக்கையைக் கழற்றிக் கழுவ விட்டான். ஒரு வாரம் கண்ணாடியை இறக்கிவிட்டே ஓட்டினான். பிறகு ஒரு நாள், மெல்ல, “உங்க பட்டறைல ரெக்ஸின் மிச்சம் கெடக்குமா?” என்று அவளிடம் கேட்டான்.

அவள் வேலை பார்ப்பது ஆஸ்பத்திரிகளுக்கு மெத்தையும் ஸ்ட்ரெச்சர் உறையும் தைக்கும் பட்டறையில். வெட்டுவதிலும் தைப்பதிலும் அவளை மிஞ்ச அங்கே ஆள் இல்லை. இருக்கையை அங்குலம் தவறாமல் அளந்து, பச்சை ரெக்ஸினில் இரட்டைத் தையல் போட்டு உறை தைத்தாள். கழற்றி மாட்ட வசதியாக நாலு நாடா வைத்தாள்: அடியில் இரண்டு, முதுகுக்குப் பின்னால் இரண்டு. ஆபீஸ் வாசலில் ரெக்ஸினோடு போய் நிற்க முடியாது என்பதால், அப்பா ஏறுமுன் கட்டுவதும் இறங்கியதும் அவிழ்ப்பதுமாக ஆயிற்று. அப்பா அதைத் தடவிப் பார்த்துவிட்டு, “தையல் நல்லா இருக்கு பாப்பா,” என்றார். நாற்பத்திரண்டு வயதிலும் அவருக்கு அவள் பாப்பாதான். ரெக்ஸின் வழுக்கும். திருப்பத்தில் அவர் சரிந்துவிடாமல் கதவுக்கு மேலே இருந்த பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொள்வார். இவள் கூடப் போகும் செவ்வாயும் சனியும் வண்டி ஒழுங்காக ஓடும். வியாழக்கிழமை எப்படி ஓடியது என்று அவள் கேட்டதில்லை.

இப்போது குனிந்து காலடியைப் பார்த்தாள். எட்டு மாத வண்டி. மற்ற இடமெல்லாம் புது மெருகு போகவில்லை. அவள் காலடி விரிப்பில் மட்டும், வலது கால் படும் இடத்தில், மயிர் தேய்ந்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு குழி விழுந்திருந்தது. அங்கே பிரேக் எதுவும் இல்லை.

வீடு வரும்வரை அவள் காலை அந்தக் குழியில் படாமல் ஒதுக்கியே வைத்திருந்தாள்.

அடக்கம் நாலு மணிக்கு. அப்பாவை ஏற்றிய வேனில் அவள் ஏறிக்கொண்டாள். வண்டியில் வரும்படி கணவன் கூப்பிட்டான். ஏசி இருக்கிறது என்றான். அவள் காதில் விழாததுபோல் வேன் கதவை இழுத்து மூடினாள்.

ஸ்ட்ரெச்சரின் மெத்தை பச்சை ரெக்ஸின். அப்பாவின் தோளுக்குக் கீழே ஓரத்தையல் தெரிந்தது. தையல் முடியும் இடத்தில் மூன்று தையல் பின்னால் போய் முடித்திருந்தது. அது அவள் வழக்கம். பட்டறையில் வேறு யாரும் அப்படி முடிப்பதில்லை. வண்டி உறைக்கு வெட்டிய அதே சுருளாகக்கூட இருக்கலாம்.

வேன் டிரைவர் கண்ணாடியில் அவளைப் பார்த்துப் பேச்சுக் கொடுத்தார். நரைத்த மனிதர். “நான் மாஸ்டர்கிட்டக் கத்துக்கிட்டவன்தான்மா. ஒரு மாசம் என்னை ரெண்டாவது கியர்லயே வெச்சிருந்தாரு. மூணாவது எப்ப மாஸ்டர்னு கேட்டேன். உனக்குத்தான் அவசரம், ரோட்டுக்கு அவசரம் இல்லடான்னாரு.”

வேன் ஒரே சீராகப் போயிற்று. கியர் மாறியதெல்லாம் அவளுக்குத் தெரியவேயில்லை. பின்னால் மட்டும் ஓர் உறுமல் விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது. மூச்சு முட்டுகிறவன் இருமுவதுபோல் இருந்தது அது.

“பின்னாடி வர்ற வண்டி ஏன் இப்படித் தத்துது?” என்றார் டிரைவர். “மெதுவாப் போகவே தெரியாத வண்டி போலருக்கு. யாரோடதும்மா?”

“எங்களுதுதான்,” என்றாள்.

டிரைவர் கண்ணை ரோட்டுக்குத் திருப்பினார். அவள் ஓரத்தையலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று காலை ஆறு மணி கண்முன் வந்து நின்றது. அப்பா வாசற்படியில் உட்கார்ந்து, வாயைத் திறந்து திறந்து காற்றைத் தேடிக்கொண்டிருந்தார். கணவன் ஓடிப்போய் வண்டிக் கதவைத் திறந்தான். அந்த வண்டியின் வேகத்துக்கு எட்டு மாதத்தில் அன்றுதான் ஒரு வேலை வந்திருந்தது. திறந்தவன் டிக்கிக்குப் போய் உறையை எடுத்தான். அவள் ஓடினாள். தடுப்பதற்கு ஓடவில்லை; சீக்கிரம் முடியட்டும் என்று மறுபக்கம் போய் நின்றாள். அவன் இரண்டு நாடா கட்டினான், அவள் இரண்டு நாடா கட்டினாள். அவிழாமல் இருக்க அவள் இரட்டை முடிச்சு போட்டாள். அப்பா படியிலிருந்து இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவசரப்படுத்தவில்லை.

மண் தள்ளி முடிந்ததும் கணவன் தேம்பி அழுதான். நிஜமாகவே அழுதான், கைக்குட்டை நனைந்துவிட்டது. மயான வாசலுக்கு வெளியே வந்தபோது அவனுடைய ஆபீஸ் நண்பர் ஒருவர் கையைப் பிடித்துத் துக்கம் விசாரித்தார். இரண்டு வாக்கியம்தான். அதற்குள் அவர் கண் வண்டிக்குப் போய்விட்டது. இது அந்த வேகமான மாடல்தானே என்று கேட்டார். ஆமாம் என்றான் கணவன். நூறைத் தொட எத்தனை செகண்ட் என்று அவர் கேட்க, ஆறரை என்று இவன் சொன்னான். இழவுக்கென்று வைத்திருந்த தணிந்த குரலை மாற்றாமலே சொன்னான்.

“தினசரிக்குத் தோதா?” என்றார் நண்பர்.

“ஊர்ந்து போனாத்தான் கொஞ்சம் குலுக்கும். மத்தபடி அருமை. மாமாவையே இதுலதான கூட்டிட்டுப் போனேன்.”

சொல்லிக்கொண்டே, மயானத்துப் புழுதி படிந்திருந்த பானெட்டை ஒரு கோடு துடைத்தான். கண்ணைத் துடைத்த அதே கைக்குட்டை. ஈரம் இருந்ததால் புழுதி நன்றாக வந்தது.

அவள் நண்பர் போகும்வரை காத்திருந்தாள். எச்சில் ஊறி ஊறி வாய் நிறைந்தது. விழுங்கவும் முடியவில்லை.

“அப்பாவுக்கு டாக்டர் எதையும் கொறைக்கல,” என்றாள்.

“எதை?”

“வியாழக்கிழமையை. அவரா நிறுத்திக்கிட்டாரு. நாலு வாரமாப் போகல.”

கணவன் சாவியைக் கைமாற்றினான். மறுபடியும் மாற்றினான்.

“வியாழக்கிழமை என்னங்க பண்ணுவீங்க அவரை?”

“நான் என்ன பண்றது? ஆபீஸுக்கு லேட்டாகுதுன்னு கொஞ்சம் அழுத்திப் போவேன். அவ்வளவுதான். ஒரு வார்த்தை சொன்னதில்ல அவரை.” பிறகு மண்ணைப் பார்த்தபடி, “வாரம் ரெண்டு போதுமாம் மாப்ளன்னு அவர்தான் சொன்னாரு. ஏன்னு நான் கேக்கல. நல்லதாப் போச்சுன்னு நெனச்சேன்,” என்றான்.

அவள் வாயைத் திறந்தாள். கேட்க வேண்டியதெல்லாம் நாக்கு நுனியில் வந்து நின்றது. நின்றது அப்படியே உறைந்தது.

நாலு வாரத்துக்கு முன்பு அப்பா சமையலறை வாசலில் வந்து நின்று இதே சமாச்சாரத்தை அவளிடம் சொன்னார். அவள் அடுப்பிலிருந்து திரும்பாமல், “நல்லதாப் போச்சுப்பா,” என்றாள். “ஆமா பாப்பா, எல்லாருக்கும் நல்லது,” என்றார் அவர். கொஞ்ச நேரம் நின்றார். டாக்டர் என்ன சொன்னார், ஏன் குறைத்தார் என்று அவள் கேட்பாள் என்று நின்றாரோ என்னவோ. அவள் கேட்கவில்லை. பிறகு கைத்தடிச் சத்தம் மெல்ல உள்ளே போயிற்று.

வாய் அவனுடையது; வார்த்தை அவளுடையது. மல்லாந்து கிடந்து துப்பினால் மார்மேல்தானே விழும். ஊறியதை அவள் விழுங்கினாள்.

“போலாமா?” என்றான் கணவன். கதவைத் திறந்து விட்டான். இருக்கை வழவழப்பாக, சாம்பல் நிறத்தில், ஒரு கறை இல்லாமல் இருந்தது.

“டிக்கியத் திறங்க.”

“எதுக்கு?”

அவள் வண்டியின் பின்பக்கம் போய் நின்றாள். அவன் திறந்தான். பை காலையில் வைத்த இடத்திலேயே இருந்தது. அவள் பையைத் தூக்கி டிக்கியின் வெறும் விரிப்பின் மேல் வைத்தாள். உறையை உருவினாள். சட்டையின் ஈரம் அதில் வட்டமாகப் படிந்திருந்தது. துடைக்காமலே கொண்டுவந்து இருக்கையில் விரித்தாள்.

“உனக்கு எதுக்கும்மா அது? இனிமேதான்...” என்று ஆரம்பித்தவன் அதோடு நிறுத்திக்கொண்டான்.

இந்தப் பக்கம் குனிந்து அடி நாடா ஒன்றைக் கட்டினாள். முதுகு நாடாவையும் கட்டினாள். வண்டியைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய், கதவைத் திறந்து, மற்ற இரண்டையும் கட்டினாள். நாலுக்கும் இரட்டை முடிச்சு. பிறகு சுற்றி வந்து இறங்கி உட்கார்ந்தாள். ரெக்ஸின் வழுக்கியது. கைகள் தாமாக மேலே போய்ப் பிடியைப் பற்றின.

கணவன் சுற்றி வந்து ஸ்டியரிங்கின் முன் உட்கார்ந்தான். பிறகு ஸ்டார்ட் செய்தான். வண்டி உறுமியது. இன்னும் நகரவில்லை. அதற்குள் அவளுடைய வலது கால் விரிப்பில் இருந்த குழியைத் தேடிப் போய் அழுந்தியது.